நாணயமும் பேரேடும்



தமிழ்மொழியிலே 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கையிலே கொடுத்து வாங்கும் காசும் நாணயம். கொடுத்த வாக்கைத் தவறாது காக்கும் பண்பும் நாணயம். 'கடன்' என்னும் சொல்லும் அத்தகையதே. வாங்கிய பணமும் கடன். செய்து முடிக்க வேண்டிய கடமையும் கடன். இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்து நோக்கினால், கொடுக்கல் வாங்கலை நம் முன்னோர் பணத்தின் காரியமாக மட்டும் கருதவில்லை என்பது புலனாகும். ஒருவரை ஒருவர் நம்புவதே அதன் அடிப்படை. அந்த நம்பிக்கைக்குச் சான்று எது என்பதுதான் இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

வங்கியொன்றுக்குச் சென்று, தமக்கு ஒரு கடனட்டை வேண்டும் என முதன்முதலாகக் கேட்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் எவருக்கும் ஒரு சதமேனும் கொடுக்க வேண்டியவரல்லர். சிக்கனமாக வாழ்பவர், உழைப்பவர். ஆயினும் வங்கி அவரிடம், "உங்களுடைய கடன் வரலாறு எங்கே?" என்று வினவுகிறது. கடனே வாங்காதவருக்குக் கடன் வரலாறு எங்கிருந்து வரும்? முதற் கடன் பெற வரலாறு வேண்டும். வரலாறு பெற முதற் கடன் வேண்டும். இந்தப் புதிர் கடனட்டையோடு பிறந்ததென்று பலர் நினைக்கின்றனர். அது மிகப் பழைய புதிர். அதை ஒவ்வொரு காலத்தவரும் ஒவ்வொரு வகையாக அவிழ்க்க முயன்றனர். அந்த முயற்சிகளின் கதையை வன்னியில் உள்ள செட்டிகுளத்தில் நின்று நோக்குவோம்.

வவுனியா மாவட்டத்தின் மேற்குப் புறத்தில், மதவாச்சியிலிருந்து தலைமன்னார் செல்லும் புகையிரதப் பாதையில் அமைந்தது செட்டிகுளம். அந்தப் பாதை 1914ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அருவியாறு அப்பகுதியை ஊடறுத்து மன்னார்க் கடலை நோக்கிச் செல்கிறது. அரசாங்கப் பதிவுகளில் இப்பிரதேசத்தின் பெயர் வெங்கலச்செட்டிகுளம். செட்டி என்பது வணிகரைக் குறிக்கும் பெயர். குளத்துக்கும் ஊருக்கும் வணிகனின் பெயரைச் சூட்டிய நிலத்தில் கொடுக்கல் வாங்கல் புதுமையாக இருக்க முடியாது.

வன்னிக் கமக்காரரின் ஆண்டு, குளத்து நீரையும் மாரி மழையையும் நம்பியது. ஐப்பசி, கார்த்திகையில் காலபோகத்துக்கு விதைத்தால் மாசி, பங்குனியில் சூடடிக்கலாம். இடைப்பட்ட மாதங்களிலே விதைநெல்லுக்கும், உழவுக்கும், கூலிக்கும், வீட்டு உலைக்கும் செலவு உண்டு, வரவு இல்லை. இந்த இடைவெளியை நிரப்பியவர் ஊர்க் கடைக்காரர். அவர் பத்திரம் கேட்கவில்லை; கையொப்பமும் கேட்கவில்லை. இன்னாருடைய வயல் எந்தக் குளத்தின் கீழ் உள்ளது, சென்ற போகத்தில் எத்தனை மூடை கண்டார், அவருடைய தந்தை வாக்குத் தவறாதவரா என்பவற்றை அவர் அறிந்திருந்தார். கொப்பியிலே இரண்டு வரி எழுதிவிட்டு அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்தார். அவருடைய நினைவும் அந்தக் கொப்பியும் சேர்ந்ததுதான் கமக்காரரின் கடன் வரலாறு.

இம்முறையின் நன்மையை மறுப்பதற்கில்லை. மழை பொய்த்த ஆண்டையும் மனிதன் பொய்த்த ஆண்டையும் பிரித்தறிய அந்தக் கடைக்காரரால் முடிந்தது. ஆனால், தீமையும் சிறிதன்று. கடன் கொடுத்தவரே நெல்லையும் வாங்கினார். களத்திலே விலை தாழ்ந்திருக்கும் வேளையில் நெல் அவரிடமே சென்றது. வட்டி என்ற பெயரில் வாராத வட்டி, விலையின் உள்ளே ஒளிந்திருந்தது. இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. கமக்காரரின் நாணயத்துக்குரிய சான்று கடைக்காரரின் பெட்டிக்குள்ளேயே இருந்தது. இருபது ஆண்டு ஒழுங்காகக் கடன் தீர்த்தவர் வேறோர் ஊருக்குச் சென்றால், அங்கே அவர் முன்பின் அறியாத அந்நியரே. அவர் ஈட்டிய நற்பெயரை அவர் எடுத்துச் செல்ல வழி இருக்கவில்லை.

சரி, தனிமனிதரை அறியாதவர் கடன் கொடுக்க நேரும்போது எதை நம்பினர்? இதற்கு விடை தேடி ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லலாம். தஞ்சைப் பெருங்கோயிலிலே முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், கோயிற் பண்டாரத்துப் பணம் ஊர்ச் சபைகளுக்குக் கடனாக வழங்கப்பட்டதைக் கூறுகின்றன. ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், கடன்பட்டது தனிமனிதன் அன்று, சபை. மனிதன் இறப்பான், இடம்பெயர்வான். சபை நிலைத்து நிற்கும். ஊரே பிணையாக நின்றபடியால் ஒவ்வொருவருடைய வரலாற்றையும் கோயில் ஆராய வேண்டியிருக்கவில்லை.

பிணை என்னும் இந்த எண்ணம் ஆங்கிலேயர் காலத்து இலங்கையிலே வேறொரு வடிவம் பெற்றது. கொழும்பிலே கிளை நிறுவிய பிரித்தானிய வங்கிகள் தோட்டத் தொழிலுக்கும் ஏற்றுமதி இறக்குமதி வாணிகத்துக்கும் பணம் கொடுத்தன. உள்நாட்டு மக்களை அவை அறியா. அறிய விரும்பியதும் குறைவு. ஆகவே நடுவில் இருவர் நின்றனர். ஒருவர், செட்டிநாட்டிலிருந்து வந்து கொழும்புச் செட்டியார் தெருவிலே கிட்டங்கி நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார். அவர் வங்கியிடம் கடன் பெற்று, அதை உயர்ந்த வட்டிக்கு உள்நாட்டவருக்குக் கொடுத்தார். மற்றவர், வங்கியின் சிறாப்பர். உள்நாட்டு வாடிக்கையாளர் ஒருவர் நம்பத்தக்கவரா என்று வங்கிக்குச் சொல்லி, அவருக்காக உத்தரவாதமும் கொடுத்தவர் அவர். இன்று கணிப்பொறி செய்யும் வேலையை அன்று சிறாப்பரின் நாவு செய்தது.

1925ஆம் ஆண்டிலே செட்டியார் நிறுவனங்கள் சில முறிந்தபோது, வங்கிகள் செட்டியார்களுக்குக் கடன் கொடுப்பதை இறுக்கிக்கொண்டன. அதன் பயனாக, செட்டியாரை நம்பியிருந்த சிறு வியாபாரிகளும் தவித்தனர். அவர்கள் செய்த பிழை ஒன்றுமில்லை. பிணை நின்ற தூண் சாய்ந்தது, அவ்வளவே. நாட்டு மக்களுக்கு வங்கிக் கடன் எட்டாதிருந்த இந்நிலையை ஆராய 1934இல் ஒரு வங்கி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை வகித்தவர் இந்தியாவைச் சேர்ந்த சேர் சொராப்ஜி பொச்கானவாலா. அரசாங்க உதவியோடு ஒரு வங்கி வேண்டும் என அக்குழு பரிந்துரைத்தது. 1939 ஆகஸ்ட் 1ஆம் நாள் இலங்கை வங்கி தன் கதவுகளைத் திறந்தது.

நகரத்து வணிகருக்கு இது ஒரு வழியைத் திறந்தது. ஆனால் குளத்தின் கீழ் அரை ஏக்கரும் ஓர் ஏக்கரும் விதைப்பவர் என்ன செய்வார்? அவருக்கான விடை ஜெர்மனியிலே தோன்றிற்று. அங்கே கிராம நகராதிபதியாக விளங்கிய பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைபைசன் 1864ஆம் ஆண்டு ஹெடஸ்டோர்வ் என்னும் ஊரிலே கடன் சங்கம் ஒன்றை நிறுவினார். ஊரவர் ஒன்று கூடுவர். ஒருவர் பெறும் கடனுக்கு எல்லோரும் வரையறையின்றிப் பொறுப்பேற்பர். தனித்தனியே வெறுங்கையராயிருந்தோர் சேர்ந்து நின்றபோது நம்பத்தக்கவராயினர். சென்னை மாகாணத்திலே இப்பொருளை ஆராய்ந்த சேர் பிரெடெரிக் நிக்கல்சன் 1895இல் வெளியிடத் தொடங்கிய தமது அறிக்கையில் ரைபைசன் வழியையே பரிந்துரைத்தார். 1904இல் இந்தியாவிலே கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் கடன் சங்கம் பதிவாயிற்று. இலங்கையிலே 1911ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு வழி வகுத்தது. 1957இல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்பட்டன. 1961இல் மக்கள் வங்கி கூட்டுறவின் தோளிலேயே எழுந்தது. 1967இல் தொடங்கிய புதிய விவசாயக் கடன் திட்டமும் அந்த வழியாகவே கமக்காரரை அடைந்தது.

கூட்டுறவுச் சங்கத்தின் சிறப்பு பணத்திலே இல்லை, சாட்சியத்திலே உள்ளது. பொதுக் கூட்டத்திலே ஒருவரின் விண்ணப்பம் எடுக்கப்படும்போது, அவருடைய அயலவர்தான் ஆம் என்றோ இல்லை என்றோ கூறினர். கடைக்காரரின் பெட்டிக்குள் அடைபட்டிருந்த சான்று ஊர்ப் பொதுவுக்கு வந்தது. ஆயினும் குறை இருந்தது. வரட்சியிலும் வெள்ளத்திலும் பயிர் அழிந்த ஆண்டுகளில் எல்லோரும் ஒருங்கே தவணை தவறினர். எல்லோருக்கும் ஒரே மழை பெய்யும் ஊரிலே அயலவர் பிணை, மழைக்கு எதிரான பிணை ஆகாது.

இனி நிலத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஏனெனில், வரலாறு இல்லாதவரிடம் வங்கி அடுத்துக் கேட்பது ஈட்டுக்கு நிலம். வன்னியிலே குடியேறியோர் பலரின் நிலம் 1935ஆம் ஆண்டு 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த நிலம். கடனுக்காக அதைப் பறிமுதல் செய்ய இயலாது. அதிகாரியின் எழுத்துச் சம்மதமின்றி ஈடு வைக்கவும் இயலாது. ஏழைக் குடியானவனின் நிலத்தை வட்டிக்காரன் விழுங்கிவிடக்கூடாது என்பதே சட்டத்தின் நோக்கம்; அது உயர்ந்த நோக்கம். ஆனால் பறிக்க முடியாத நிலத்தை ஈடாக ஏற்க வங்கி தயங்கும். காத்த வேலியே மறித்த வேலியும் ஆயிற்று. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத் தோட்டங்களிலிருந்து வவுனியா மாவட்டத்துக்கு வந்து காடு வெட்டிக் குடியமர்ந்தோரிற் பலருக்கு அந்த அனுமதிப்பத்திரந்தானும் நெடுங்காலம் கிட்டவில்லை. எஞ்சியது பெண்களின் கழுத்திலும் காதிலும் கிடந்த பொன். நகையை அடைவு வைக்க வரலாறு தேவையில்லை, தராசு போதும். வன்னியின் வீடுகளிலே நகை அணியாக மட்டுமன்றி அவசர வங்கியாகவும் விளங்கியதற்கு இதுவே காரணம்.

இந்நிலையில், மனிதரின் நற்பெயரையே ஏட்டிலேற்றி ஓரூரிலிருந்து மற்றோரூருக்கு அனுப்பும் முறை ஐக்கிய அமெரிக்காவிலே வளர்ந்துகொண்டிருந்தது. நியூயோர்க்கைச் சேர்ந்த லூயிஸ் தப்பன் என்னும் பட்டு வணிகர் 1837ஆம் ஆண்டு நெருக்கடியிலே நொடித்தார். யாரை நம்பிக் கடன் கொடுப்பது என்பதை அறியும் அருமையை அனுபவத்திலே கண்ட அவர், 1841இல் வணிகரின் நாணயம் பற்றிச் செய்தி திரட்டி விற்கும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். ஊர்தோறும் இருந்த செய்தியாளர் எழுதியனுப்பிய குறிப்புகள் பேரேடுகளில் ஏறின. 1950இல் டைனர்ஸ் கிளப் என்னும் நிறுவனம் உணவுச்சாலைகளிலே காட்டும் அட்டையை வெளியிட்டது. 1958இல் அமெரிக்க வங்கி, கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரிலே ஏறத்தாழ 60,000 அட்டைகளைக் கேளாமலே மக்களுக்கு அஞ்சலில் அனுப்பிற்று. எண்ணியதைவிட மிகப் பலர் பணத்தைத் திருப்பிச் செலுத்தவில்லை. ஆராயாது கொடுத்தால் நேர்வது யாதென அது கற்றது. மனிதரின் கடன் நடத்தையை ஓர் எண்ணாக்கும் கணக்கு முறையும் 1950களிலே அங்கே தோன்றியதுதான்.

எண் பாரபட்சம் அறியாது என்பர். ஆனால் எண்ணுக்குள் எவருடைய வாழ்க்கை ஏறுகிறது என்பது வேறு வினா. அமெரிக்காவிலே கணவனின் பெயரில் மட்டுமே கணக்குகள் இருந்தமையால், விதவையான பெண்ணுக்கு வரலாறே இல்லாத நிலை பலகாலம் நிலவிற்று. பாலையும் மணவாழ்வு நிலையையும் காரணமாகக் காட்டிக் கடன் மறுக்கலாகாது என்று அங்கே சட்டம் செய்யப்பட்டது 1974இல்தான்.

இலங்கையிலே இப்பேரேடு 1990ஆம் ஆண்டு 18ஆம் இலக்கச் சட்டத்தினால் தோன்றிற்று. அதுவே கடன் தகவல் பணியகம். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தாம் கொடுத்த கடன்களின் விவரத்தை அதற்கு அறிவிக்கின்றன. புதிதாகக் கடன் கேட்பவரைப் பற்றி அதனிடம் அறிந்துகொள்கின்றன. கடன் கொடுப்பதா மறுப்பதா என்று பணியகம் தீர்ப்பளிப்பதில்லை. எழுதப்பட்டதை அது காட்டுகிறது, தீர்ப்பது வங்கி. கடைக்காரரின் கொப்பி ஊரளவில் செய்த வேலையை இது நாட்டளவிலே செய்கிறது. நற்பெயரை ஓரூரிலிருந்து மற்றோரூருக்குக் கொண்டுசெல்ல முடியாத பழைய குறை இதனால் தீர்ந்தது.

ஆனால் அந்தப் பேரேடு தொடங்கிய 1990ஆம் ஆண்டு வன்னிக்கு எத்தகைய ஆண்டு? போர் மீண்டும் மூண்ட ஆண்டு. செட்டிகுளத்தூடாகச் சென்ற தலைமன்னார்ப் புகையிரதம் நின்றுபோன ஆண்டு. அது மீண்டும் மடு வீதிவரை ஓடியது 2013இலும், தலைமன்னார்வரை ஓடியது 2015இலுமே. தென்னிலங்கையிலே ஒருவர் சம்பளக் கணக்கும், தவணைக் கடனும், அட்டையுமாகத் தம் ஏட்டை வரி வரியாக நிரப்பிய அதே காலத்தில், வன்னி மக்கள் பதிவுகளுக்கு வெளியே வாழ்ந்தனர். 2009ஆம் ஆண்டு போரின் இறுதியில் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பகுதிகளிலிருந்து வந்த இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே தங்கவைக்கப்பட்டனர். பலரிடம் அடையாள அட்டையும் இல்லை. காணி உறுதியும் இல்லை. வங்கிப் புத்தகமும் இல்லை. அரச வங்கிகள் முகாமினுள்ளேயே சேவையைத் தொடங்கின. கையிற் கொண்டுவந்த பணத்தையும் நகையையும் காக்க மக்கள் அங்கே கணக்குத் திறந்தனர். அவர்களிற் பலரின் புதிய ஏட்டிலே முதல் வரி அந்தக் கூடாரங்களுக்கிடையிலேதான் எழுதப்பட்டது. 2012 செப்டெம்பரிலே முகாம் மூடப்பட்டது.

ஊர் திரும்பியோரை முதலில் தேடி வந்தது கடனட்டை அன்று, நுண்கடன். சிறு நிறுவனங்களும் பெரு நிறுவனங்களும் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பிணை நிற்கச் செய்து, வாரத் தவணைக்குப் பணம் கொடுத்தன. பார்வைக்கு இது ரைபைசனின் சங்கம் போன்றதே. ஆனால் அடிப்படை வேறு. சங்கத்திலே கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே ஊரவர். வட்டியும் சங்கத்துக்கே திரும்பியது. இங்கே அயலவரின் பிணை மட்டும் ஊருடையது. ஆதாயம் வேறிடத்துக்குச் சென்றது. ஒரு கடனைத் தீர்க்க இன்னொரு கடன் வாங்கியோர் பலர். 2018இலே வடக்கும் கிழக்கும் உட்பட வரட்சியால் வாடிய மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. மத்திய வங்கி அத்தகைய கடன்களுக்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு 35க்கு மேற்படலாகாது என வரம்பிட்டது. வரம்பே 35 என்றால் அதற்கு முன் நிலவியது எத்தகைய வட்டி என்பதை நேயர்களே உய்த்துணரலாம்.

இவ்வளவையும் தொகுத்து நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. எழுதப்படாத ஏடு கெட்ட ஏடு அன்று. வெறுமை வேறு, களங்கம் வேறு. முகாமிலிருந்து மீண்ட ஒருவரின் ஏடு வெறுமையாயிருப்பது அவர் நாணயமற்றவர் என்பதனால் அன்று. அவர் நாணயத்தோடு வாழ்ந்ததை எழுத எவரும் இல்லாதிருந்தமையால். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது வங்கிகளின் கடன். கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கும், பல்லாண்டுச் சேமிப்பும், தவறாது செலுத்திய மின்கட்டணமும் நாணயத்துக்குச் சான்றே. அன்று கடைக்காரர் கண்டதை இன்று வங்கி காணமுடியாது என்பதற்கு நியாயமில்லை.

மக்கள் செய்யக்கூடியதும் உண்டு. வரலாறு இல்லாதவருக்கு வங்கிகள் வழக்கமாகத் திறக்கும் கதவு, நிலையான வைப்பு. ஒரு தொகையை வைப்பிலிட்டு, அதையே பிணையாகக் காட்டிச் சிறு வரம்புள்ள கடனட்டையைப் பெறலாம். இங்கே ஒருவர் தமக்குத் தாமே பிணை நிற்கிறார். அந்த அட்டையால் வீட்டுக்கு எப்படியும் வாங்கும் பொருளைச் சிறிதளவே வாங்கி, பட்டியல் வந்ததும் முழுத்தொகையையும் நாள் தவறாது செலுத்தினால் வட்டி இல்லை. ஏட்டிலே நல்ல வரி ஏறும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தி வந்தால், எஞ்சியது வட்டியோடு வளரும். அட்டையைக் காட்டிக் காசாக எடுத்தாலோ பெரும்பாலும் அன்றே வட்டி தொடங்கும். தம்மைப் பற்றிய அறிக்கையைக் கடன் தகவல் பணியகத்திடமிருந்து தாமே பெற்றுப் பார்க்கவும் எவருக்கும் உரிமையுண்டு. பிறர் கடனுக்குக் கையொப்பமிட்டுப் பிணை நின்றாலும் அது அங்கே பதிவாகும் என்பதை மறத்தலாகாது. நட்புக்காக இட்ட கையொப்பம் ஏட்டிலே கடனாகவே நிற்கும்.

பிணை நின்றவர் மாறிக்கொண்டே வந்தனர். சபை நின்றது, சிறாப்பர் நின்றார், சங்கம் நின்றது, பொன் நின்றது. இன்று ஏடு நிற்கிறது. ஆனால் அவை யாவும் சாட்சிகளே. சாட்சி சொல்லப்படும் பொருள் மனிதனின் நாணயம் ஒன்றே. செட்டிகுளத்திலே அந்நாணயம் முன்பும் இருந்தது, முகாம் நாட்களிலும் இருந்தது. அதை ஏட்டிலே ஏற்றும் பணியே எஞ்சியிருக்கிறது.